இங்கே குளிக்கவும்

கருங்கல்துறை நகராட்சி வழியாகக் காவிரி ஓடுகிறது. இதை நகராட்சி ஒருபோதும் மறுத்ததில்லை. அந்தத் தண்ணீர் குழாயில் வராததற்குத்தான் அவர்களிடம் பல விளக்கங்கள் இருந்தன.

ஊரின் ஓரத்தில் ஒரு படித்துறை உண்டு. படிகள் நன்றாகவே கட்டப்பட்டிருந்தன. சிக்கல் அவை முடிகிற இடத்தில் இருந்தது. கடைசிப் படிக்கு அப்பால் தரை கிடையாது, நேரே மடு. உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். கொஞ்சம் கீழே தள்ளி, மணல்திட்டுப் பக்கம் இறங்கிக் குளித்துவிட்டுப் போவார்கள். விசைத்தறி ஓட்ட ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்குத் தெரியாது. படி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தறிக்கு விடுமுறையும் இருக்கிறது என்று இறங்கிவிடுவார்கள்.

படித்துறைக்கு மேலே தகரக் கொட்டகையில் டிபன் கடை வைத்திருந்தவர் வசந்தாமணி. யாராவது கடைசிப் படிக்குப் போனால் தோசைக் கரண்டியை ஆட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் சேர்த்து, "பானி! பானி! நை! நை!" என்று கத்துவார். தண்ணீர் இல்லை என்கிறார் போலும் என்று நினைத்து அவர்கள் தண்ணீரைக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிகாஷ் என்ற ஒடிசா இளைஞன் முகமெல்லாம் சோப்போடு ஓர் எட்டு எடுத்து வைத்தான். வைத்த காலுக்குக் கீழே எதுவும் இல்லை. கரையில் லாரி கழுவிக்கொண்டிருந்தவர் தார்ப்பாய் கட்டும் கயிற்றை வீசியதால் பிழைத்தான். இந்த ஊருக்குப் புதியவன் என்றாலும் நான்கு வருடமாகத் தமிழ் பேசுகிறவன், அன்று வசந்தாமணியின் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒடியாவில் அழுதான். டீ உள்ளே போன பிறகுதான் தமிழ் திரும்பி வந்தது.

"ஒரு போர்டு இருந்தா படிச்சிருப்பேன் அக்கா. எங்க பாஷையில."

வசந்தாமணிக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை வியாபாரம் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார். ஒரு பலகை. அதில் ஒரு வரி. பொழுதோடு திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அவர் போன நாள்தான் நகராட்சியில் சொல்மேகம் தொடங்கிவைக்கப்பட்டது.

சொல்மேகம் ஒரு மென்பொருள். பலகை, அறிவிப்பு, ரசீது என்று நகராட்சி எழுதுகிற எல்லாவற்றையும் துண்டு துண்டாக வாங்கி, எங்கோ இருக்கும் கணினியில் அடுக்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நான்கு மொழிகளில் கோத்துத் திருப்பித் தரும். விலைக்குக் கிடைக்காது, வாடகைக்குத்தான். சந்தா கட்டுகிறவரையில் நகராட்சியின் சொற்கள் நகராட்சிக்குச் சொந்தம். ஆணையர் மோகன்குமார் பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குப் போய் மதிய உணவு இடைவேளையில் இதைக் கண்டுபிடித்து வந்திருந்தார். ஊரிலிருந்த தகரப் பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டு மின்பலகைகள் மாட்டியாகிவிட்டது.

கூட்டத்தில் ஆணையர் பேசினார்.

"இதுவரை நம் நகராட்சியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதினார்கள். ஒரு பெயிண்டர் வந்தார், எழுதினார், போனார். அந்த வாக்கியத்துக்கு யார் பொறுப்பு? யாருக்கும் தெரியாது. இனி ஒரு வாக்கியம்கூட அநாதையாக நிற்காது. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர் இருப்பார்கள். குடிநீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்று குறை சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் தண்ணீர் வராது என்கிற தகவல் இனி நான்கு மொழிகளிலும் ஒரே நொடியில் உங்களை வந்தடையும். இதைத்தான் வளர்ச்சி என்கிறோம்."

கைதட்டினார்கள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று வசந்தாமணியும் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் மனுப் பிரிவு எழுத்தர் வெள்ளியங்கிரியிடம் போனார். பேனாவை மூடி இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார் வெள்ளியங்கிரி. மேசையில் புதிதாக ஒரு கணினி இருந்தது. அதை அவர் பார்த்த பார்வையில் மரியாதையும் சந்தேகமும் சமமாக இருந்தன.

"ஒரு போர்டு வேணுமுங்க. படித்துறையில ஆழம், இங்க குளிக்கக் கூடாதுன்னு. அந்தப் பசங்க பாஷையிலயும் எழுதோணும்."

"போன வாரம் வந்திருந்தீங்கன்னா பெயிண்டரக் கூப்பிட்டு அன்னைக்கே எழுதிப்போட்டிருப்பனுங்க," என்றார் வெள்ளியங்கிரி குரலைத் தாழ்த்தி. "இப்ப அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. வாக்கியத்தப் பொறக்க வெக்கோணும்."

பிறக்கவைப்பவர் பக்கத்திலேயே நின்றார். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த கிருத்திகா. 'வாடிக்கையாளர் வெற்றி மேலாளர்' என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தது. சிரித்த முகம். கடைசிவரை அந்தச் சிரிப்பு மாறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

"சூப்பர் ஆன்ட்டி! எங்களுக்கு உங்கள மாதிரி ஒருத்தர்தான் தேவைப்பட்டாங்க," என்றாள் கிருத்திகா. நகராட்சி எடுத்திருந்த திட்டத்தில் ஐந்து பேருக்கு உள்நுழைவு உண்டு. நான்கு அதிகாரிகளுக்குப் போக ஐந்தாவது இடம் 'மக்கள் பங்கேற்பு'. மக்களில் அன்று அலுவலகத்தில் இருந்தவர் வசந்தாமணி. அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கித் தட்டினார்கள். கருவி ஒலித்தது. அவர் உள்ளடக்க உரிமையாளர் ஆகிவிட்டார்.

"உரிமையாளர்னா என்னுங்க?"

"இந்த வாக்கியத்துக்கு நீங்கதான் ஓனர், ஆன்ட்டி."

"குடியிருக்கற ஊட்டுக்கே என்ற பேருல பட்டா இல்லீங்களே சாமி. ஆத்துல வெக்கற வாக்கியத்துக்கு நான் எப்படி ஓனரு?"

கிருத்திகா சிரித்தாள். வெள்ளியங்கிரி கணினியைப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வசந்தாமணியின் தொலைபேசிக்கு ஓய்வில்லை. எண்ணெய்ச் சட்டியில் வடையைத் தட்டிப் போடுகிற நேரம் பார்த்து அழைப்பு வரும். "அம்மா, 'இங்கே' ஒப்புதலுக்குப் போகுதுங்க, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்பார் வெள்ளியங்கிரி. இங்கே என்ற சொல் இடப்பிரிவில் ஒப்புதலாகிக் கொஞ்ச நாள் கழித்து, குளி என்ற சொல் வினைப்பிரிவுக்குப் போகும். அதற்கு இன்னொரு ஓ.டி.பி. ஒருநாள் நடுப்பகலில் பொறியாளர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். குளித்தல் என்பது நீர்ப் பயன்பாட்டில் வருமா, பொதுச் சுகாதாரத்தில் வருமா என்று உரிமையாளரின் கருத்தைக் கேட்டார்கள்.

"ரெண்டுலயும் வராதுங்க. அங்க எறங்குனா சாவுலதானுங்க வரும்," என்றார் வசந்தாமணி.

'பிறப்பு இறப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று திரையில் பதிவானது. அங்கிருந்து குளி என்ற சொல் திரும்பி வர இரண்டு வாரம் ஆயிற்று.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிகாஷ் படித்துறையில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பினான். மற்ற நாட்களில் வசந்தாமணியின் தொண்டைதான் பலகை.

ஒருவழியாகப் பலகை வந்தது. கம்பம் நட்டு, மின்பலகை மாட்டி, பட்டுத் துணியால் மூடி, நாதசுரம் வைத்து விழா எடுத்தார்கள். ஆணையர் கயிற்றை இழுத்தார். துணி விலகியது. தமிழ், இந்தி, ஒடியா, தெலுங்கு என நான்கு மொழிகளில் பளிச்சென்று எழுத்து எரிந்தது.

இங்கே குளிக்கவும்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிகாஷ் ஒடியா வரியைப் படித்துவிட்டு, தான் படித்தது சரிதானா என்று மறுபடி படித்தான். வசந்தாமணி தமிழ் வரியைப் படித்துவிட்டு நேரே ஆணையரிடம் போனார்.

"ஏனுங் சார், இது குளிக்கச் சொல்லுதுங்களே!"

"எழுத்துப் பிழை இருக்கிறதா அம்மா?"

"பிழையில்லீங்க, ஆனா..."

"நான்கு மொழியிலும் ஒரே பொருள்தானே?" என்று ஆணையர் பிகாஷைப் பார்த்தார்.

"ஒரே பொருள் சார். நாலுலயும் குளின்னு இருக்கு."

"நூறு சதவீத ஒருமைப்பாடு," என்றார் ஆணையர் நிருபர்களிடம். அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

பிற்பாடு அலுவலகத்தில் விளக்கம் கிடைத்தது. நகராட்சியின் எல்லாப் பலகைகளும் ஒரே வாக்கிய வார்ப்பில் ஊற்றப்படுகின்றன. 'இங்கே' என்று ஆரம்பித்து '-வும்' என்று முடியும். இங்கே வரி செலுத்தவும், இங்கே வரிசையில் நிற்கவும், இங்கே குப்பை போடவும். நடுவில் வினைச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வசந்தாமணி கேட்ட குளியலும் அதில்தான் ஊற்றப்பட்டிருந்தது.

"அந்தக் 'கூடாது' எங்கீங்க போச்சு?"

ஆணையர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, கூடாது, இல்லை, முடியாது, இதெல்லாம் பழைய நிர்வாகத்தின் மொழி. மக்களிடம் எதிர்மறையாகப் பேசக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருக்கிறேன். முடியாது என்பதைக்கூட நாங்கள் இப்போது 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் சொல்கிறோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் திருவிழாக் கூட்டம். நகராட்சியே எங்கள் மொழியில் எழுதிக் குளிக்கக் கூப்பிட்டிருக்கிறது என்று பக்கத்து ஊர்த் தறிக்கூடங்களில் செய்தி பரவியிருந்தது. சோப்பும் துண்டுமாக வந்து இறங்கினார்கள். சிலர் பலகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வசந்தாமணியும் பிகாஷும் மாறி மாறிக் கத்தினார்கள். வந்தவர்கள் பலகையைக் காட்டினார்கள். அரசாங்கம் எழுதியதை நம்புவதா, வடை சுடுகிறவரை நம்புவதா?

வேறு வழியில்லாமல் வசந்தாமணி மாட்டுத்தீவனச் சாக்கு ஒன்றைப் பிரித்து, முக்காலியில் ஏறி, பலகையை மூடிக் கட்டினார். அதற்கு நகராட்சியிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நான்கு மொழிகளில் வந்தது. பாதுகாப்புப் பலகையை மறைத்துப் பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். 'கூடாது' என்ற சொல் நோட்டீசில் இருந்ததைப் பார்த்ததும் வசந்தாமணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. கடையைப் பூட்டிக்கொண்டு ஆணையர் அறைக்குப் போய் நின்றார்.

"எனக்கு அனுப்புன கூடாதுல ஒண்ணக் கழட்டி அந்தப் போர்டுல மாட்டுங்க சார். இல்லாட்டி நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

பன்மொழி நகர விருதுக்குப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. அந்த நேரத்தில் அறைக்குள் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பதை ஆணையர் விரும்பவில்லை. கிருத்திகாவைக் கூப்பிட்டார்.

"மாத்தலாம் சார், ஈஸி," என்றாள் கிருத்திகா. "ஆனா உங்க திட்டத்துல ஒரே ஒரு வார்ப்புதான் வரும். இன்னொரு வார்ப்பு வேணும்னா மேல் திட்டத்துக்கு மாறணும்."

"இருக்கிற வார்ப்பையே மாற்று," என்றார் ஆணையர். கோபத்தில் இருந்தார்.

"'வும்' எடுத்துட்டு 'கூடாது' போடறேன். ஒரு இடத்துல மாத்துனா எல்லா இடத்துலயும் மாறிடும் சார். அதுதான் சொல்மேகத்தோட அழகே."

வசந்தாமணி ஓ.டி.பி. சொன்னார். ஆணையர் ஒப்புதல் பொத்தானைத் தட்டினார். படித்துறையில், சாக்குக்குள்ளே, 'இங்கே குளிக்கக் கூடாது' என்று எழுத்து மாறியது. பிகாஷ் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூவினான்.

அதே நொடியில் ஊர் முழுவதும் மாறியது.

பேருந்து நிலையத்தில் 'இங்கே வரிசையில் நிற்கக் கூடாது' என்று எரிந்தது. நின்றிருந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டுப் பேருந்தின் மேல் பாய்ந்தார்கள். குப்பைத்தொட்டிக்கு மேலே 'இங்கே குப்பை போடக் கூடாது' என்றிருந்ததால் ஒரு சுகாதார ஆய்வாளர், தொட்டிக்குள் குப்பை போட்ட பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அபராதம் விதித்தார். நூலகத்தில் 'இங்கே அமைதி காக்கக் கூடாது' என்று வந்தது. நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் இத்தனை காலம் அடக்கிவைத்திருந்த அரசியல் முழுவதையும் அன்று பேசித் தீர்த்தார்கள். நகராட்சி அலுவலக வாசலில் 'இங்கே குறைகளைத் தெரிவிக்கக் கூடாது' என்று எரிந்தது. அதில் மட்டும் யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.

வரி வசூல் மையத்துக்கு அந்த நேரம் பார்த்து மணியன் வந்தார். தறிக்கூடம் வைத்திருப்பவர், சொத்துவரி கட்ட வந்திருந்தார். கவுண்டருக்கு மேலே பார்த்தார். 'இங்கே வரி செலுத்தக் கூடாது.' கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தெலுங்கு தெரியும் என்பதால் அதையும் படித்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஏனுங்க, இது நெசமுங்களா?"

"போர்டுல வந்தா நெசந்தானுங்க," என்றார் கவுண்டரில் இருந்தவர். சொல்மேகத்தில் வருவதுதான் இனி அதிகாரபூர்வம் என்று அவருக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது.

"இத்தன வருசத்துல நகராட்சி வெச்ச போர்டுலயே உருப்படியான போர்டு இதுதானுங்க," என்று மணியன் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தறி முதலாளிகள் சங்க வாட்சாப் குழுவில் போட்டார். கருங்கல்துறை மக்கள் நகராட்சியின் உத்தரவு ஒன்றுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் கீழ்ப்படிந்தது வரலாற்றில் அதுவே முதல்முறை.

சில வாரங்கள் அப்படி ஓடின. படித்துறையில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தறிக்காரர்கள் பலகையைப் படித்தார்கள், மணல்திட்டுப் பக்கம் போய்க் குளித்தார்கள், ஏறி வந்து தோசை சாப்பிட்டார்கள். வசந்தாமணிக்குத் தொண்டை ஆறியது. கரண்டியைத் தோசைக்கு மட்டுமே பயன்படுத்தினார்.

நகராட்சிக் கருவூலம் வற்றியது. ஆணையர் அவசரக் கூட்டம் கூட்டினார். பழைய வார்ப்புக்கே திரும்புவது என்று முடிவாயிற்று. செய்தி தெரிந்து வசந்தாமணி ஓடிவந்தார்.

"எல்லாத்தையும் மாத்துங்க, ஆத்துப் போர்ட மட்டும் உட்டுப்போடுங்க சார்."

"தனியாக விட முடியாது அம்மா, எல்லாம் ஒரே வார்ப்பு." ஆணையர் எழுந்து நின்று பேசினார். பேச்சு என்று வந்துவிட்டால் அவர் உட்கார்ந்து பேசுவதில்லை. "வரியா, உயிரா என்று கேட்கிறார்கள். அப்படிப் பார்ப்பது குறுகிய பார்வை. உயிர் இருந்தால்தானே வரி கட்ட முடியும் என்கிறார் இந்த அம்மா. வரியே கட்டாத உயிர் இருந்து நகராட்சிக்கு என்ன பயன் என்று நான் கேட்கிறேன். தவிர, அவர்கள் வெளிமாநிலத்தவர். இறந்தால் புள்ளிவிவரம் அவர்கள் சொந்த ஊருக்குத்தான் போகும்."

வசந்தாமணி ஓ.டி.பி. சொல்ல மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். கிருத்திகா சிரித்தபடி, அவசர நிலையில் உரிமையாளர் இல்லாமலே மாற்ற வசதி உண்டு என்றாள். மாற்றினாள்.

இங்கே குளிக்கவும்.

சாக்கை மறுபடி கட்டினார். அன்று மாலையே ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு வந்து அவிழ்த்துக்கொண்டு போனது. அவர் சேலையை எடுத்து வந்து கட்டினார். அதையும் எடுத்துப் போனார்கள். எல்லா நாளும் அவரால் கத்த முடியவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக் கத்தச் சொல்ல முடியுமா என்றுகூட யோசித்தார்.

ஒரு விடுமுறை நாளில் ஈரோட்டில் ரயில் இறங்கிய புதியவர்கள் சிலர் பையும் கையுமாக நேரே படித்துறைக்கு வந்தார்கள். பயண அழுக்கு. பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வசந்தாமணி பார்த்தபோது ஒருவன் கடைசிப் படியில் நின்று துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தான். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். படியில் பாசி. சறுக்கி உட்கார்ந்த நிலையில்தான் அவனை எட்டினார். அவன் கால் அதற்குள் இறங்கிவிட்டது. கையில் அகப்பட்டது தலைமயிர். அதைப் பிடித்துக்கொண்டு அலறினார். மற்றவர்கள் வந்து அவனையும் அவரையும் சேர்த்து இழுத்தார்கள். அவன் இருமி இருமித் தண்ணீரைக் கக்கிவிட்டு, பலகையைக் காட்டி எதையோ கேட்டான். என்ன மொழி என்று தெரியவில்லை. என்ன கேட்டான் என்று மட்டும் புரிந்தது.

வசந்தாமணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டி தேய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் அழுதார். பிகாஷ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் கல்ல எடுத்து அந்தப் போர்ட ஒடச்சுடட்டுமா?"

"வேண்டாஞ் சாமி. உன்னயக் கொண்டோயி உள்ள வெச்சுப்போடுவாங்க. போர்ட ஒடச்சா கேஸ் இருக்குது. ஆளு செத்தாத்தான் ஒண்ணுமில்ல."

கடையை மூடினார். மறுநாளிலிருந்து கடைசிப் படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பொழுது விடிந்தால் அங்கே, பொழுது சாய்ந்தால் வீடு. வியாபாரம் போயிற்று. வீட்டில் திட்டினார்கள். இதற்கு முடிவு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

முடிவு வரி வசூல் மையத்திலிருந்து வந்தது. அங்கே பலகை 'இங்கே வரி செலுத்தவும்' என்று மாறிய பிறகும் ஒருவரும் வரவில்லை. போன மாதம் கூடாது என்றீர்கள், இந்த மாதம் செலுத்து என்கிறீர்கள், முதலில் உங்களுக்குள் பேசி முடிவுக்கு வாருங்கள் என்று தறி முதலாளிகள் சங்கம் கடிதம் போட்டுவிட்டது. சம்பளம் போடவே நகராட்சியில் பணம் இல்லை. அந்த நேரத்தில்தான் சொல்மேகத்தின் சந்தா புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. வந்து, போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வசந்தாமணி முக்காலியோடு படித்துறைக்கு வந்தார். பலகையில் எழுத்து மாறியிருந்தது. பெரிய சிவப்பு எழுத்து. நான்கு மொழிகளில்.

உங்கள் காலம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் செல்ல முடியாது. நிர்வாகியை அணுகவும்.

சோப்பும் துண்டுமாக வந்த தறிக்காரர்கள் பலகைக்கு முன் நின்றுவிட்டார்கள். ஒருவன் உரக்கப் படித்தான். மற்றவர்கள் கேட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தார்கள், மறுபடி பலகையைப் பார்த்தார்கள், இரண்டு படி பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

"எந்த நிர்வாகி அக்கா? எமனா?" என்று கேட்டான் பிகாஷ். சிரிக்காமல்தான் கேட்டான்.

ஒருவர்கூட இறங்கவில்லை. உள்ளூர்க்காரர்களேகூட அன்று மணல்திட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குளித்தார்கள்.

ஊர் முழுவதும் அதே எழுத்து. நூலகத்தில் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டு அமைதியானார்கள். வரி மையத்தில் 'உங்கள் காலம் முடிந்துவிட்டது' என்று சிவப்பில் எரிவதைப் படம் எடுத்து யாரோ குழுவில் போட, கெடு முடிந்தது, இனி ஜப்திதான் என்று செய்தி பரவியது. திங்கட்கிழமை காலை மணியன்தான் முதல் ஆளாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரை நீண்டது. ஆணையர் தன் அறைவாசலில் பெயர் எரிய வேண்டிய இடத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தனக்கு மாறுதல் உத்தரவு ஏதும் வந்திருக்கிறதா என்று சென்னைக்குப் பேசினார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

மாலைக்குள் கருவூலம் நிரம்பியது. கிருத்திகா புன்னகையோடு வந்து சேர்ந்தாள்.

"சூப்பர் சார். இப்ப சந்தாவக் கட்டிட்டா எல்லாம் பழையபடி வந்துடும்."

இதற்குப் பயந்துகொண்டுதான் வசந்தாமணி ஓடிவந்திருந்தார். நேரே வெள்ளியங்கிரியிடம் போனார்.

"ஒரு மனு எழுதோணுமுங்க."

"கணினி ஓடலீங்களே," என்றார் வெள்ளியங்கிரி. பிறகு இருபுறமும் பார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். "சொல்லுங்க."

"தயவு பண்ணி அந்தச் சந்தாவக் கட்டிப்போடாதீங்கன்னு எழுதுங்க."

வெள்ளியங்கிரி எழுதிக் கொடுத்தார். ஆணையர் அதைப் படித்தார். வரிசையில் நிற்கும் மக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இப்படி ஒரு வசூலை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. எழுந்து நின்றார்.

"மக்களின் கோரிக்கையே என் கட்டளை," என்றார். "இந்த நகராட்சி இனி ஒரே ஒரு வாக்கியத்தால் நிர்வகிக்கப்படும். அதற்கான திட்டம் ஆரம்பத்திலிருந்தே என்னிடம் இருந்தது."

மனுவில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து, நிறைவேற்றப்பட்டது என்று எழுதிக் கையிலேயே கொடுத்தார். வசந்தாமணி நம்பமாட்டாமல் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

கருங்கல்துறை நகராட்சியில் கொடுத்த அன்றே நிறைவேறிய மனு அது ஒன்றுதான். செய்வதற்கு எதுவும் இல்லாததால் உடனே செய்துவிட்டார்கள்.